தவளை வரும்வரை

ஜூன் 8, ஞாயிறு

மங்கையை ரயிலேற்றிவிட்டு வந்தாயிற்று. வங்கியில் அவளுக்குப் பதவி உயர்வு. உயர்த்துவதற்கு முன்னால் ஹைதராபாத்தில் எட்டு வாரம் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்களாம். வீட்டை நடத்துவது எப்படி என்று அவள் எனக்கு நடத்திய பாடம் பிரிட்ஜ் கதவில் மூன்று தாளாகத் தொங்குகிறது. காலை ஆறரைக்குப் பால். செவ்வாயும் வெள்ளியும் வெள்ளை சாக்ஸ். தயிர் சாதத்தில் கடுகு கூடாது. கடைசி வரி: "இரவு 8.30, படப் புத்தகம். கட்டாயம்." அடியில் இரண்டு கோடு. கடுகுக்குக்கூட ஒரு கோடுதான்.

பிளாட்பாரத்தில், "உங்களுக்கு எப்படி வருதோ அப்படிப் படிங்க. கேக்கறது உங்க பொண்ணு, இன்டர்வியூ போர்டு இல்ல" என்றாள். சொல்லுவாள். அவளுக்கென்ன, திறந்தால் குழாய் மாதிரி கொட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸில் கொடுத்த டைரி. வெளியே சொல்ல முடியாததை எல்லாம் இதில் எழுதுகிறேன். டைரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நடுவில் புகுந்து என் வாக்கியத்தை முடித்துவைக்காது.

விஷயம் இதுதான். த, ப. இந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் சொல் எதுவும் என் வாயிலிருந்து நேராக வராது. முட்டிக்கொண்டு நிற்கும். எதிரே இருப்பவர் கண்ணில் இரக்கம் ஏறும்வரை நிற்கும். க, ச, ம எல்லாம் தங்கமான பிள்ளைகள். இது தெரிந்தேதானோ என்னவோ, என் அப்பா எனக்குப் பரஞ்சோதி என்று பெயர் வைத்தார். யார் கேட்டாலும் "ஜோதி" என்று சொல்லி முப்பத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். பெண் பிறந்தபோது மாமியார் பவித்ரா என்று வைக்கச் சொன்னார். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். ஆதிரை என்று வைத்தோம்.

எழுதும்போது பாருங்கள்: பப்பாளி, பம்பரம், பரோட்டா, தண்டவாளம், தலைமைத் தபால் நிலையம். ஒரு இடறல் உண்டா?

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். மற்றவர்கள் நிகண்டு படித்தது புலமைக்கு. நான் படித்தது தப்பிப்பதற்கு. புலி வராதா, வேங்கை. பாம்பு வராதா, நாகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் படிவங்களைத் தமிழாக்கும் வேலை. எழுத்துத் தேர்வு மட்டும் வைத்து எடுத்தார்கள், புண்ணியவான்கள்.

ஆதிரைக்கு இது எதுவும் தெரியாது. ஐந்து வருடமாக அவள் எதிரில் ஒரு சொல்லும் முட்டியதில்லை. முட்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லை மாற்றிவிடுவேன். உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் நான் பேசுவதை முகத்தைச் சுளிக்காமல் கேட்கிறது. அது அவள். அதையும் இழக்க நான் தயாரில்லை.

படப் புத்தகத்தில் ஒரு வசதி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பாள், நான் சொல்வதுதான் கதை. ஆனால் இந்த வருடம் யு.கே.ஜி. வாரத்துக்கு இரண்டு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். இந்த வாரம் க, ங. அப்புறம் ச, ஞ. அப்புறம் ட, ண. நான்காவது வாரம் த.

தமிழ் நெடுங்கணக்கைப் பார்த்து நான் பயந்தது இதுவே முதல்முறை.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டில் இருப்பது முப்பத்தொரு படப் புத்தகம். த, ப இல்லாதது எது என்று உட்கார்ந்து தேடினேன். ஒன்று கிடைத்தது, எண்கள் புத்தகம். பத்தாவது பக்கத்தில் 'பத்து' நிற்கிறது, வாசலில் கூர்க்கா மாதிரி.

"எட்டு மீன். ஒம்போது மீன். அவ்ளோதான், எல்லா மீனும் உறங்கிருச்சு."

"பத்து எங்க?"

"கடலுக்குள்ள இருக்கு. நாளைக்கு வரும்."

வெள்ளை சாக்ஸ் மறந்துவிட்டது. மங்கையிடம் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆட்டோக்காரர் "எங்க சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆதிரை, "தில்லை நகர் ஏழாவது கிராஸ்!" என்று கத்தினாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? முந்திரிக்கொட்டை. அம்மா வளர்ப்பு.

இந்த வீட்டைத் தேடிப் பிடித்ததும் அதே அம்மாதான். உறையூரில் ஒன்று காலியாக இருந்தது. உறையூர்! எவ்வளவு நல்ல பெயர்.

ஜூன் 18, புதன்

ச, ஞ வாரம். அபாயம் இல்லை.

இன்று பன்றிக் குடும்பம் பற்றிய புத்தகம். 'கேழல்' என்று சொல்லிவிட்டேன். அம்மா கேழல், அப்பா கேழல், குட்டிக் கேழல். குழந்தை ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் கேழல் சேற்றில் புரண்டது, அவள் படுக்கையில் புரண்டாள். தூங்கியும்விட்டாள். பழந்தமிழ் இன்னும் ஏதோ ஒரு வேலைக்கு ஆகிறது.

கூரியர்காரன் வந்து, "யாரு சார் இங்க..." என்று கவரைத் திருப்பிப் பார்ப்பதற்குள், "பரஞ்சோதி எங்க அப்பாதான், குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். கையெழுத்தும் அவளே போட்டிருப்பாள், எழுத வந்திருந்தால். அதிகப்பிரசங்கி.

ஜூன் 20, வெள்ளி

வகுப்பு ஆசிரியை ரெஜினா மிஸ் வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தார்.

"சார், வணக்கம். ஆதிரை கிளாஸ்ல வேங்கைங்கறா, ஓடம்ங்கறா, நேத்து கேழல்னு ஒண்ணு சொன்னா, எனக்கே தெரியல, போய்ப் பாத்துட்டு வந்தேன். வீட்டுல நல்ல தமிழ் பேசறீங்க போல. ரொம்ப சந்தோசம் சார். ஒருநாள் நீங்க எங்க பிள்ளைங்களுக்கு வந்து பேசணும்."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். அந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தவன் என் இனத்தான்.

ஜூன் 23, திங்கள்

ட, ண.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் வீட்டுக்கு வரும், அடுத்த வெள்ளி திரும்பிப் போகும். இன்று வந்தது ஒரு தவளைக்கும் ஒரு படகுக்கும் இடையில் நடக்கும் கதை. திறந்து பார்த்தேன்.

'தவளை படகைப் பார்த்தது. தவளை படகில் ஏறியது. "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்றது படகு. தவளை தாவித் தாவிப் போனது.'

பன்னிரண்டு பக்கம். எண்ணினேன். த இருபத்தேழு, ப பத்தொன்பது. எழுதியவருக்கும் எனக்கும் முன்ஜென்மப் பகை.

எட்டரைக்கு நான் படித்தது: "மண்டூகம் ஓடத்தைக் கண்டது. மண்டூகம் ஓடத்தில் ஏறியது. 'நகரு, நகரு' என்றது ஓடம்."

"மண்டூகம்னா?"

"இதோ, இவரு."

"மண்டூகம், மண்டூகம்!" என்று கட்டிலில் குதித்தாள். பிடித்துவிட்டதாம். நாளைக்கும் இதேதான் வேண்டுமாம். வேறு முப்பத்தொரு புத்தகம் இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வந்தே விட்டது. நேற்று பள்ளியில் த. இன்று அதை எங்கே பார்த்தாலும் விரலை வைக்கிறாள். தயிர் பாக்கெட்டில், காலண்டரில், கோலப் புத்தகத்தில். வீட்டுக்குள் போலீஸ் நாய் வளர்க்கிற மாதிரி இருக்கிறது.

எட்டரைக்குப் புத்தகத்தைத் திறந்தேன். "மண்டூகம் ஓடத்தை" என்பதற்குள் விரல் வந்துவிட்டது.

"அப்பா, இங்க த இருக்கு."

"ம்."

"மண்டூகத்துல த எங்க இருக்கு?"

ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு அறிவு எதற்கு என்று கேட்கிறேன். மங்கையாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் என் தகுதிக்கு ஏற்றதைச் சொன்னேன்.

"அச்சுல கோளாறு. அச்சடிக்கறவங்க எழுத்தை மாத்திட்டாங்க."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"ஆமா. கவனமே இல்லாம வேலை செய்யறாங்க."

குழந்தை உதட்டைப் பிதுக்கி, "ச்ச" என்றாள். அச்சுத் தொழிலாளர்கள் என்னை மன்னிக்கட்டும்.

ஜூலை 3, வியாழன்

சாம்பாரில் உப்பு இல்லை. ஆதிரை சமர்த்தாகச் சாப்பிட்டுவிட்டு, நான் பாத்திரம் கழுவும்போது அறையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். சத்தம் இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்று சந்தோஷப்பட்ட முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 4, வெள்ளி

புத்தகம் திரும்பிப் போய்விட்டது. ஒழிந்தது சனியன். ஒரு கப் காபி கூடுதலாகக் குடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு. நாளை மாலை பெற்றோர் யாராவது வந்து பார்க்கவும். ரெஜினா மிஸ் கையெழுத்து.

இந்த வாரம் ப.

ஜூலை 8, செவ்வாய்

ரெஜினா மிஸ் மேஜைமேல் தவளைப் புத்தகத்தை விரித்துவைத்திருந்தார். இருபத்தேழு த. இருபத்தேழின் மேலும் சிவப்பு க்ரேயானில் பெருக்கல் குறி. பக்கம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

"மிஸ் தப்பைச் சிவப்புலதான அடிப்பீங்க, அதான் அடிச்சேன்னு சொல்றா சார். அச்சுத் தப்புன்னு அப்பா சொன்னாராம்." மிஸ் என் முகத்தைப் பார்த்தார். நல்ல பெண்மணி, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். "அப்படிச் சொன்னீங்களா சார்?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. தப்பு என்மேல்தான், பாவம் குழந்தை, புத்தகத்தில் பிழை இல்லை. ஒவ்வொன்றும் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பரவால்ல சார். இங்க ஃபைன் எல்லாம் கிடையாது. ஆனா ஒரு வழக்கம் இருக்கு. எந்த வீட்டுல புக்கு கெட்டுப் போச்சோ, அந்த வீட்டுலேருந்து ஒருத்தர் வந்து அதே புக்கைக் கிளாஸ்ல படிச்சுக் காட்டணும். எங்க பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் ஆரம்பிச்சு வச்சது. எழுதினது எழுதினபடி படிக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை வாங்க. நீங்க படிச்சா பிள்ளைங்களுக்கும் நல்ல தமிழ் கேட்ட மாதிரி இருக்கும்."

அபராதம் வசூலித்துத் தொலைக்கக்கூடாதா? என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேனே.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். "எங்க சார் போகணும்?" நான் ஆதிரையைப் பார்த்தேன். எப்போதும் முந்திக்கொள்கிறவள் இன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் இரண்டாம் முறை கேட்டார். வாயைத் திறந்தேன். முட்டியது. அவர் மீட்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "உறையூர்" என்று சொல்லி ஏறினேன். உறையூரில் இறங்கி, மழைத் தூறலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தோம். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் இங்கே இறங்கினோம் என்று.

கூரியர், ஆட்டோ, மருந்துக்கடை, லிப்ட்டில் கேள்வி கேட்கும் எதிர்வீட்டுக்காரர். இவள் முந்திக்கொண்ட இடங்களை நடக்கும்போது சும்மா எண்ணிப் பார்த்தேன். எண்ணியதற்கு வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. குழந்தை இன்று கோபமாக இருந்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது அழுதாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. தவளைதான் கரெக்டுன்னாங்க. எங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியும், புக்குதான் தப்புன்னு சொன்னேன். மறுபடியும் சிரிச்சாங்க. நீ ஏன்ப்பா அப்படிச் சொன்ன?"

துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். துவட்டத் தேவையில்லாத அளவுக்குத் துவட்டினேன்.

ஜூலை 9, புதன்

தப்பிக்கும் வழிகள்:

காய்ச்சல். வெள்ளிக்கிழமை காய்ச்சல், சனிக்கிழமை சொஸ்தம். ஆனால் அடுத்த வெள்ளி வரச் சொல்வார்கள். எத்தனை வெள்ளிக்கு ஒருவன் காய்ச்சலில் படுப்பான்?

மங்கை வரும்வரை தள்ளிப்போடுவது. ஆகஸ்ட் 2. அதுவரை வகுப்பில் ஆதிரையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எதிர்வீட்டுக்காரரை அனுப்புவது. மனிதர் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போவார். என் வாக்கியங்களை முடித்துவைத்த பழக்கத்தில் தவளையையும் முடித்துவைப்பார்.

மங்கை போனில் கேட்டாள், "எல்லாம் நல்லா போகுதா?" "அருமை" என்றேன். அவள், "சாக்ஸ் வெள்ளையா போட்டு விடறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குத் திக்குவாய். முட்டுகிறது, நிற்கிறது, வராது என்று ஒரு மாதமாக இந்த டைரியிடமும் பூசி மெழுகியிருக்கிறேன். திக்குவாய். அந்தச் சொல்லையே த-வில் தொடங்கவைத்தவன் கையில் கிடைத்தால் விட மாட்டேன்.

எனக்கு இருக்கும் கஷ்டத்தை மறைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அதற்காக ஒரு குழந்தையின் வாயில் மண்டூகத்தை வைத்து, இருபத்தெட்டுப் பேர் நடுவில் அவளை நிறுத்திச் சிரிக்கவைக்க உரிமை இல்லை. அவள் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து காய்ச்சலுக்கு நாள் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நிஜமாகவே.

ஜூலை 10, வியாழன்

ரெஜினா மிஸ் ஒத்திகைக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். தமிழ் அறிஞருக்கு ஒத்திகை.

எட்டரைக்கு ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆதிரை, அச்சுல கோளாறு எதுவும் இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"அந்த எழுத்து எனக்கு வராது. எழுத வரும். சொல்ல வராது."

"எல்லாத்துக்கும் ஒருநாள் வரும்னு மிஸ் சொன்னாங்க."

"எனக்கு வயசாயிருச்சும்மா. இன்னும் வரல."

"எங்க, சொல்லு."

முதல் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புக் குறிக்குப் பின்னால் அந்தச் சொல் நின்றது. ஆரம்பித்தேன். நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன், எப்போதும் மூடிக்கொள்வேன், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க. ஐந்து வருடமாக எதை வரவிடாமல் பார்த்துக்கொண்டேனோ அது என் பெண்ணின் எதிரில், இரண்டடி தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. த, த, த என்று ஒரு பழைய மோட்டார் மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தின்மேல் குப்புறக் கவிழ்ந்திருந்தாள்.

"இங்க ஒரு எறும்பு ஒளிஞ்சிருக்கு. குடை வச்சிருக்கு பாரு."

"நான் சொல்லிட்டிருக்கேன், நீ கேக்கலயா?"

"நீ சொல்லு. வர்ற வரைக்கும் நான் படத்தைப் பாக்கறேன். அதுக்குத்தான படம் போட்டிருக்காங்க?"

படப் புத்தகங்களில் படம் ஏன் இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"த... தவளை" என்றேன்.

"ம். அடுத்தது" என்றாள், தலையைத் தூக்காமல்.

எட்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். மணி ஒன்பதேகால். மீதி நான்கு பக்கத்தை நான் தனியாக, சத்தமாகப் படித்தேன். ஒரு இடத்திலும் முட்டவில்லை. யாரும் கேட்காவிட்டால் முட்டாது, இந்த வியாதியின் அயோக்கியத்தனமே அதுதான். ஆனாலும் படித்து முடித்தேன். கடைசி வரி வரைக்கும் தவளையும் படகும் தடதடவென்று வந்தன. கொஞ்சம் அழுதேன். அதை மங்கையிடம் சொல்லப்போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆபீஸில் அரைநாள் விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில் 'தவளை' என்று எழுதத் தோன்றியது. 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

பாயில் இருபத்தெட்டுக் குழந்தைகள். எனக்குப் போட்ட நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. ரெஜினா மிஸ் என்னை அறிமுகப்படுத்தினார். "ஆதிரையோட அப்பா. தமிழ்ல பெரிய ஆளு. நல்லாக் கவனிக்கணும், சரியா?" எல்லாரும் ராகம் போட்டு "சரி மிஸ்" என்றார்கள். இதைவிட நல்ல குழி யாரும் எனக்கு வெட்டியதில்லை.

புத்தகத்தைத் திறந்து அவர்கள் பக்கம் காட்டினேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அமைதி வேறு மாதிரி ஆயிற்று. அந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், எனக்கு அது முப்பது வருடப் பழக்கம். முன்வரிசையில் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். பின்னாலிருந்து ஒரு குரல், "தவளை!" என்று எடுத்துக்கொடுத்தது. ரெஜினா மிஸ்ஸின் முகத்தில் நான் பார்க்க விரும்பாதது ஏற ஆரம்பித்தது. அவர் ஒரு அடி முன்னால் வந்தார். பாவம், புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் வந்தார். கொடுத்தும் இருப்பேன்.

ஆதிரை எழுந்து நின்றாள்.

"யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது. எங்க அப்பாவுக்கு வார்த்தை வர லேட்டாகும். வர்ற வரைக்கும் படத்தைப் பாருங்க. எல்லாப் பக்கத்துலயும் ஒரு எறும்பு ஒளிஞ்சிருக்கு."

பயமில்லை, வெட்கமில்லை, இரக்கமும் இல்லை. டிபன் பாக்ஸை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு நேற்று இரவு தெரிந்த விஷயம் இல்லை இது. முந்திரிக்கொட்டை என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இருபத்தெட்டுப் பேரும் பாயை விட்டு ஊர்ந்து வந்துவிட்டார்கள். புத்தகத்தைச் சுற்றித் தலைகள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனை. "இலைக்குப் பின்னாடி பாரு." "அது எறும்பு இல்லடா, புள்ளி." "ஏய், மறைக்காத." அந்தச் சந்தையின் நடுவில் என் த வந்து சேர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். படகு அதற்குப் பிடித்த நேரத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம். ரெஜினா மிஸ் பழைய இடத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஆறாம் பக்கத்தில், என்ன நல்ல நேரமோ, ஒரே ஒரு தடவை இடறிவிட்டு 'தவளை' வெளியே வந்துவிட்டது. உற்சாகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன். மூக்கு ஒழுகும் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். முகமெல்லாம் ஏமாற்றம்.

"அதுக்குள்ள வந்துருச்சா அங்கிள்? நாங்க இன்னும் எறும்பைக் கண்டே பிடிக்கலயே."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தேன்.